ஹாரன் அடிக்கக் கூடாத காடு

முப்பத்திரண்டு வருடம் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். யானைக்கு வாழ்நாளில் எத்தனை முறை கடைவாய்ப் பல் முளைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கூண்டுக்கும் சங்கிலிக்கும் வெளியே நான் பார்த்த மிகப் பெரிய காட்டு விலங்கு, கிரிவலப் பாதையில் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்குதான். இந்த லட்சணத்தில் ஓய்வு பெறுவதா என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல். அதனால் ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டில் வேலை பார்க்கும் என் மகன், ஓய்வு பெற்றதும் இங்கே வாருங்கள், காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று சொன்ன அன்றைக்கே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். திருவண்ணாமலையிலிருந்து செங்கம், சிங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வருடக்கணக்காக ஓட்டியவர். ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது, எங்கள் வீடு இருக்கும் அதே செங்கம் ரோட்டில், ஆசிரமப் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று பஸ்ஸுக்குக் குறுக்கே வந்துவிட்டது. ஓட்டியவருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். கால் தேறிய பிறகு அந்த மனிதரே ஒரு பை வேர்க்கடலையோடு வீடு தேடி வந்து, தான்தான் பார்க்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை இவர் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் இவர் எந்த வண்டியையும் தொடவில்லை. வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு டயர் வெடித்துப்போனது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. பால் வாங்க நடந்தார், தேரடிக்கு நடந்தார், கல்யாணத்துக்குப் போனால் பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். மற்ற நேரமெல்லாம் கையிரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் இருந்தார். சும்மா கிடந்த அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். எனக்குக் காட்டைப் பார்க்க ஆசை. இவர் மறுபடி ஸ்டியரிங் பிடிப்பதைப் பார்க்க அதைவிட ஆசை. மகன் ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆனாலும் சும்மா ஒரு காகிதம் இருக்கட்டும் என்று சொல்லி, இவரை இழுத்துக்கொண்டு போய் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டை வாங்க வைத்தேன். எதற்கு என்று கேட்டார். உங்க போட்டோ நல்லா விழுந்திருக்கு, அதுக்குத்தான் என்றேன்.

ஆகஸ்டில் போய் இறங்கினோம். தலைநகரத்தில் மகன் ஒரு பெரிய டீசல் வண்டியை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். வண்டியின் கூரை மேலேயே டென்ட். ஏணியைப் பிடித்து மேலே ஏறினால் படுக்கை. பின்னால் குளிர்பெட்டி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மண்வெட்டி. வண்டிக்காரர் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கடைசியாக இரண்டு விஷயத்தை மட்டும் மறக்கவே கூடாது என்றார். காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. யானையைப் பார்த்தால் ஹாரன் அடிக்கவே கூடாது. மகன் மொழிபெயர்த்தான். இவர் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, நமக்கென்ன என்கிற மாதிரி தலையாட்டினார்.

மவுன் என்கிற ஊர் வரைக்கும் நல்ல தார் ரோடு. மகன்தான் ஓட்டினான். இவர் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் எதிரே மாடு வந்தால் போதும், வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். கால் இன்னும் வேலையில்தான் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மவுனில் காய்கறி வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே வரும்போது மகனுக்கு போன். அவன் வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிட்டதாம், அன்றைக்கே விமானம் ஏறி வரச் சொன்னார்கள். அவன் முகம் தொங்கிவிட்டது. மூவரும் திரும்பிவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். காட்டுக்குள் தங்க இடம் கிடைப்பதற்கே பத்து மாதம் முன்னால் எழுதிப் போட்டிருந்தோம். நான் அந்தக் கடை வாசலில், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, அழுதேன். பாதி நிஜமான அழுகை. மீதிப் பாதியை வேண்டுமென்றேதான் அழுதேன், இவருக்குக் கேட்கிற மாதிரி. நீங்கள் எல்லோரும் போங்கள், நான் நடந்தாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

இவர் வண்டியின் முன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகனிடம் கை நீட்டினார்.

"சாவியைக் குடு. நாலு நாள்தானே. கசானேக்கு நீ வந்துடு, அங்க உங்கிட்டயே குடுத்துடறேன். அதுக்கப்பால நான் தொடமாட்டேன்."

கசானே, காட்டின் அந்தப்பக்கம் இருக்கிற ஊர். அங்கேயும் விமானம் இறங்கும். மகன் என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். அவன் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் வண்டி ஏறும்போதுகூட, சின்னக் கீறல் விழுந்தாலும் மவுனுக்கே திரும்பிவிடச் சொல்லி எங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினான். இவர் கடைக்குள் திரும்பப் போய் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். நாலு டயருக்கும் கீழே வைத்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழங்கள் நசுங்கி வண்டி நகர்ந்தபோது எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பித்ததும் முதல் சண்டை. மணலில் போகுமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். காத்து கம்மியா இருந்தா வண்டி எப்படிப் போகும், எந்த ஊர் நியாயம் இது என்று இவர் கேட்டார். அனுபவஸ்தரிடம் நான் வாய் கொடுக்கவில்லை. அரை கிலோமீட்டர் தாண்டவில்லை, நாலு சக்கரமும் மணலில் புதைந்தன. இறங்காதே என்று சொன்ன காட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும். இவர் குனிந்து டயர் டயராகக் காற்றை இறக்கினார். நான் கையில் குழம்புக் கரண்டியோடு சுற்றுமுற்றும் பார்த்துக் காவல் நின்றேன். சிங்கம் வந்தால் கரண்டியை வைத்து என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்றை இறக்கியதும் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. "அட" என்றார். இரண்டு வருடத்தில் அவர் எதற்கும் "அட" சொன்னதில்லை.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மூச்சு வாங்குகிறது. ஒரு வளைவு திரும்பினால் பத்து ஒட்டகச்சிவிங்கி, அத்தனையும் மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கின்றன. இன்னொரு வளைவில் கோரைப்புல் நடுவே குளம், குளத்தில் பாறை என்று நினைத்தது கொட்டாவி விட்டது, நீர்யானை. வேலிக் கம்பியில் உட்காரும் நம்மூர்ப் பனங்காடைக்குச் சொந்தக்காரப் பறவை ஒன்று, நெஞ்சில் கத்தரிப்பூ நிறத்தோடு எங்களுக்கு முன்னால் பறந்து பறந்து போனது. நான் ஜன்னலுக்கும் நோட்டுப்புத்தகத்துக்கும் நடுவே அல்லாடினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர், குடும்பம், உணவு, குட்டி போடும் காலம் என்று வாய் ஓயாமல் பாடம் நடத்தினேன். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்ததெல்லாம் உயிரோடு எழுந்து நடக்கிறது, எப்படிச் சும்மா இருப்பது? இவர் ஒரு கட்டத்தில், டீச்சர், கொஞ்சம் மணி அடிங்க என்றார்.

அவர் பயணத்தை நடத்திய விதமே தனி. காலை ஆறு பத்து என்றால் ஆறு பத்து. ஆறு ஒன்பதுக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், நான் பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் சரி. கிளம்புமுன் டயர்களை ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பார். தங்குமிடத்தில் வண்டியை மரங்களுக்கு நடுவே ரிவர்ஸில் விடும்போது நான் பின்னால் நின்று வண்டியின் உடம்பில் தட்டி, வரட்டும் வரட்டும், ஒடிச்சு வரட்டும் என்று குரல் கொடுக்க வேண்டும். என் குரல் சரியில்லையாம், கண்டக்டர் குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டுமாம். முதல் நாள் தப்பாகச் சொல்லி ஒரு கிளையில் இடிக்க விட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியையை அந்த மனிதர் ஒரு மணி நேரம் பயிற்சிக் கண்டக்டராக வைத்து வாட்டி எடுத்தார்.

குவாய் என்னும் ஆற்றின் கரையில் தங்கியபோது குரங்குகள் வந்தன. இந்த விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மலை சுற்றுகிற பாதையில் முப்பது வருடப் பழக்கம். சாப்பாட்டை எல்லாம் வண்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்றே ஒன்று விட்டுப்போனது. பருப்புப் பொடி என்று நினைத்து ஒரு குரங்கு எடுத்துப்போன டப்பா, நான் ஊரிலிருந்து இடித்துக் கொண்டுவந்த மிளகாய்ப் பொடி. மரத்தின் மேல் போய் உட்கார்ந்து மூடியைத் திறந்து கை நிறைய அள்ளி வாயில் போட்டது. பிறகு நடந்ததை அந்தக் கூட்டமே சுற்றி நின்று பார்த்தது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பொடி போன துக்கத்தில் முதலில் திட்டினேன், பிறகு சேர்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடித்தபோது, இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றுதான் உறுத்தல். ஹாரன். எங்கள் பக்கத்துப் பஸ் டிரைவருக்கு ஹாரன் என்பது தனியாக ஒரு செயலே கிடையாது, மூச்சு விடுவது மாதிரி. முதல் நாளே ரோட்டில் மேய்ந்த கினிக்கோழிக் கூட்டத்துக்கு அடித்தார். நான் கத்தினேன். மறுநாள் வளைவு வந்ததும் அடித்தார். மறுபடி கத்தினேன். கை அதுவாகப் போகிறது என்றார். நான் என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இருப்பதிலேயே பெரிய சிவப்புப் பொட்டை எடுத்து ஸ்டியரிங் நடுவில் ஒட்டினேன். கை இங்கே வரும்போது இது நான் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியென்றால் கை பக்கத்திலேயே வராது என்றார். நல்ல பதில்தான், இருந்தாலும் முறைத்தேன்.

மூன்றாம் நாள், குவாயிலிருந்து சவுட்டி என்ற இடத்துக்குப் போகும் வழி. ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் மணல் தடம். இரண்டு பக்கமும் மொபானே மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு நான் ஒரே படபடப்பில் இருந்தேன். வழியில் எதிர்ப்பட்ட வண்டிக்காரர்கள், முன்னால் காட்டுநாய்க் கூட்டம் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். நம்மூர்ச் செந்நாய்க்குத் தூரத்துச் சொந்தம் அது, உடம்பு முழுக்கக் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூசிவிட்ட மாதிரி இருக்கும், உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம்தான். சீக்கிரம் போங்கள், சீக்கிரம் போங்கள் என்று நான் அவரை விரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு முழு வளைவு. எதிரில் எதுவும் தெரியாத வளைவு. திரும்பப்போகிற நேரத்தில் அவர் கை பொட்டின் மேல் இறங்கி, நீளமாக, பெங்களூர் ரோட்டில் லாரிக்கு அடிக்கிற மாதிரி அடித்தது.

வளைவுக்கு அந்தப்பக்கம் யானைகள் தடத்தைக் கடந்துகொண்டிருந்தன. நடுவில், பெரியவற்றின் முட்டி உயரத்தில் ஒரு குட்டி. கடைசியில் வந்த பெரிய பெண் யானை நின்று எங்கள் பக்கம் திரும்பியது. காதுகள் இரண்டும் விரிந்தன. தலையைத் தூக்கி அது பிளிறியபோது என் நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. பிறகு அது ஓடி வந்தது. யானை அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தது வேறு, அது கண்ணாடிக்கு நேராக வருவது வேறு.

வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒன்றும் பேசாமல் அவர் ரிவர்ஸ் போட்டார். பின்கண்ணாடியைச் சாமான் மறைத்திருந்தது. நான் என் பக்கத்து ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்துக் கத்தினேன். வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடிங்க, நேரா, நேரா. நான் சொல்லச் சொல்ல அந்தக் கனமான வண்டி அதே மணல் தடத்தில், ஒரு சாண் விலகாமல், பின்பக்கமாக ஓடியது. எனக்கு முன்னால் மொபானே கிளைகள் சடசடவென்று அறைந்தன. திரும்பி யானையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் முகத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தேன். பயமே இல்லை. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, யானை, இடது கண்ணாடி என்று கண்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜவ்வாது மலைப் பாதையில் எதிரே லாரி வந்தால் பஸ்ஸைப் பின்னால் எடுப்பாரே, அந்த முகம். எவ்வளவு தூரம் போனோமோ தெரியாது. யானை ஓரிடத்தில் நின்று, தலையை இரண்டு தரம் உதறி, மணலை வாரி எங்கள் மேல் வீசியடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வண்டி நின்றது. முதலில் வந்தது சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை, கடைசியில் கோபமாகத்தான் வெளியே வந்தது. வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். எத்தனை தரம் சொன்னேன், பொட்டு வேறு ஒட்டி வைத்தேன், அறிவிருக்கிறதா, அந்தக் குட்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால், நமக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். ஹாரன் அடிக்காமல் ஒரு வளைவைத் திரும்ப உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

"அன்னைக்கு நான் அடிக்கல. ஆசிரமத்துக்கிட்ட வந்தா நான் என்னைக்கும் ஹாரன் அடிக்கறதில்ல. அமைதியா உக்கார வர்ற ஜனங்க, பாவம்னு. முப்பது வருஷமா அதுல எனக்கு ஒரு பெருமை. அடிச்சிருந்தா அந்தாளு சந்துலயே நின்னிருப்பான்."

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது இதுதான். விசாரணையில் யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வேர்க்கடலையோடு வந்த மனிதர் தன் மேல்தான் தப்பு என்றபோது இவர் தோட்டத்தில் போய் நின்றதும் இதனால்தான். பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் தெரியாத முட்டாளாக இருந்திருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. சமாதானம் சொல்லுவதில் எனக்குத் தேர்ச்சி கிடையாது. எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"அந்த எடத்துல உங்க டயர் தேஞ்ச கோடு ரெண்டு மாசம் அழியாம கெடந்துச்சு. ஸ்கூலுக்குப் போறப்பல்லாம் பஸ்ல இருந்து பாப்பேன். ஒரு நாள் எறங்கிப் போயி நடந்தே பாத்தேன். இருபத்தியோரு அடி எடுத்து வச்சேன். ஹாரன் அடிக்கலனு ரெண்டு வருஷமா உங்களுக்குள்ளயே சொல்லிக்கிறீங்க. அவ்ளோ தூரம் பிரேக்கு மேல ஏறி நின்னீங்களே, அதனாலதான் அந்தாளு இன்னைக்கு நடக்கறாரு. அதை யாரு சொல்றது?"

அவர் என் பக்கம் திரும்பினார். நீ போய் நடந்து பார்த்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார். நீங்கள் மட்டும் சொன்னீர்களா என்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன், மறைக்காமல், நிதானமாக. ஜன்னல் மட்டும் திறந்தே கிடந்தது. யானை திரும்பி வந்திருந்தால் நாங்கள் கவனித்திருக்கக்கூட மாட்டோம். ரொம்ப நேரம் கழித்து அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீ போடறியா என்றார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்றேன். குளிர்பெட்டியில் இருந்த மோரைக் குடித்துவிட்டு, யானைகள் போய்விட்டனவா என்று காது கொடுத்துக் கேட்டு, அதே வளைவை மறுபடி திரும்பினோம். இந்தத் தரம் நடை வேகத்தில், சத்தமில்லாமல்.

காட்டுநாய்களை மறுநாள் காலையில்தான் பார்த்தோம். சவுட்டியிலிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருக்கும், தடத்தின் மேலேயே படுத்திருந்தன, பதினோரு நாய்கள், வட்டமான பெரிய காதுகளோடு. வண்டியைக் கண்டு ஒன்றும் எழவில்லை. இவர் இன்ஜினை நிறுத்தினார். ஒரு குட்டி எழுந்து வந்து எங்கள் முன் டயரை முகர்ந்து பார்த்தது. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். நாற்பது நிமிடம். எனக்குப் பாடம் நடத்தவே தோன்றவில்லை. அவைகளாக எழுந்து, ஒன்றையொன்று முகத்தில் நக்கி, கீச்சுக்கீச்சென்று பறவை மாதிரி பேசிக்கொண்டு, வரிசையாக ஓடிப்போயின. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதா என்று அவர் கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். எதைக் கேட்டார், நான் எதைச் சொன்னேன் என்பதெல்லாம் எங்களுக்குள்.

மதியம் கசானே. மகன் முந்தின நாளே வந்து, பெட்ரோல் பங்க் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தான். முதலில் எங்களைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். கதவில் கிளைகள் இழுத்த கோடுகள், மேலிருந்து கீழ்வரை மணல். யானை விஷயத்தை நான் சொல்லவில்லை, அவனிடம் திட்டு வாங்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. நாலு நாளும் தூக்கமே இல்லை, சிக்னல் இல்லாத காட்டில் நீங்கள் இருக்கும்போது எப்படித் தூங்குவது என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருங்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், தலைநகரத்துக்கு ஒன்றரை நாள் ரோடு, நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிக் கையை நீட்டினான்.

இவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீ பின்னாடி ஏறு. நான் ஓட்டிக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஏறுடா என்றேன். கிளம்பும் நேரம் மூன்று மணி என்றால் சரியாக மூன்று மணிக்குக் கிளம்பினோம். தார் ரோடு, இருபக்கமும் காடு, நல்ல வெயில். கொஞ்ச தூரம் மகன் முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு, மாடு வரும் அப்பா, கழுதை வரும் அப்பா, இந்த வேகம் போதும் அப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு சத்தம் குறைந்தது. பிறகு நின்றுபோனது. எங்கள் ஊர் டிரைவர்கள் ஒன்று சொல்வார்கள், முழித்துக்கொண்டு வருகிற பயணி ரோட்டைப் பார்க்கிறான், தூங்குகிற பயணிதான் நம்மை நம்புகிறான் என்று. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்துகொண்டு, பையைத் தலைக்கு வைத்து, சின்ன வயதில் பெங்களூர் பஸ்ஸில் தூங்கிய மாதிரியே தூங்கிக்கொண்டிருந்தான். இவரும் கண்ணாடியில் பார்த்தார். பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார், மறுபடி கண்ணாடியில் பார்த்தார்.

"தூங்கிட்டாம் பாரு" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.